ஈறு வலி: பெர்மிஷனில் முடிய வேண்டிய வேலை

ஈறு வலிக்கிறது என்று யாரும் லீவு கேட்பதில்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகுவலி எல்லாம் மேனேஜர் காது வரைக்கும் போகும், ஈறு போகாது. காலையில் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பு தெரியும். குழாயைத் திறந்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவோம். சில மாதம் கழித்து, ஆடிட் நடக்கிற வாரத்திலோ ஷிப்மென்ட் போகிற வாரத்திலோ அதே இடம் வீங்கி, இட்லியைக்கூட மெல்ல முடியாமல் போகும்போதுதான் மருத்துவரைத் தேடுவோம். இரண்டு மணி நேரப் பெர்மிஷனில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அப்போது மூன்று நாள் லீவையும் ஒரு நல்ல பல்லையும் சேர்த்துக் கேட்கும்.

ஆகவே முதல் ஆலோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் வரும்போதே போங்கள். வலி வரும் வரை காத்திருக்காதீர்கள்.

வலியை நம்பி இருக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. பல்லையும் ஈறையும் சுற்றி எந்நேரமும் ஒரு மெல்லிய, பிசுபிசுப்பான கிருமிப் படலம் படிந்துகொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருமே, அதுதான். தினமும் எடுத்துவிட்டால் தொல்லை இல்லை. எடுக்காமல் விட்ட இடத்தில், உமிழ்நீரில் இருக்கும் கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். உப்புத் தண்ணீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதைப் போல. இதைத்தான் காரை என்கிறோம். இறுகிய காரையை எந்த பிரஷும் எந்தப் பேஸ்ட்டும் எடுக்காது. அதன் மேல் மேலும் கிருமி படியும், ஈறு சிவக்கும், தொட்டால் ரத்தம் வரும். இதுவரை வந்தது ஈறு அழற்சி, முழுவதும் சரியாகக்கூடியது. இதையும் கவனிக்காவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் ஒரு பை உண்டாகும். பையின் ஆழத்தில் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

இத்தனையும் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கிறது. பையில் சேரும் சீழ் மேல்வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடுவதால் அழுத்தம் ஏறாது. ஒரு நாள் அந்தப் பையின் வாய் அடைபடும். வேர்க்கடலைத் தோலோ மட்டன் நாரோ போய் உட்கார்ந்தாலும் போதும். உள்ளே அழுத்தம் ஏறி, ஒரே இரவில் கட்டி புறப்படும். "நேற்று வரைக்கும் ஒண்ணுமே இல்லையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லைதான்.

தோட்டத்திலிருந்து வந்த பாடம்

ஈறு நோயைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. இரண்டையும் முன்னின்று நடத்தியவர் நார்வேயைச் சேர்ந்த ஹாரால்ட் லோ. 1965-இல் வெளியான முதல் ஆய்வு டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் நடந்தது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. மூன்று வார அலட்சியம் போதும் ஈறைக் கெடுக்க. ஒரு வார ஒழுங்கு போதும், காரை ஏறாத நிலையில், அதை மீட்க.

இரண்டாவது ஆய்வு 1970-இல் இலங்கையில், இரண்டு தேயிலைத் தோட்டங்களில் தொடங்கியது. 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பல் மருத்துவம் அவர்களை எட்டியிருக்கவில்லை. பிரஷ் வைத்துத் துலக்கும் பழக்கமும் இல்லை. எட்டு சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. அந்தப் பிரிவினர் 45 வயதை எட்டியபோது அவர்களுக்குப் பற்களே மிஞ்சவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 11 சதவீதம் பேருக்கு மட்டும் ஈறு சிவப்போடு நின்றுவிட்டது. அதே காலத்தில் ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் இதேபோல் கவனித்தார்கள். சிறு வயதிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு மிகவும் குறைவு.

மலையகத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் வாயிலிருந்து கிடைத்த அறிவு இன்று உலகம் முழுவதும் பல் மருத்துவப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் இருந்திருந்தால் அவர்களில் பலருக்கு நாற்பது வயதில் கரும்பு கடிக்க முடிந்திருக்கும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. நமக்குப் பெரும்பாலும் அந்த மருத்துவர் நடக்கும் தூரத்தில் இருக்கிறார். போவதற்கான நேரத்தைத்தான் நாம் ஒதுக்குவதில்லை.

யாருக்கு, எதனால்?

காரைதான் முதல் காரணம். மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் அதற்குப் பிறகுதான். ஆனாலும் வலிக்கிற ஈறுக்கெல்லாம் காரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்த வயதில், என்ன வேலை செய்கிறவர், எந்த இடத்தில் வலிக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் வேலையில் சேருகிற வயதில் இருப்பவருக்குக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் வலிக்கிறதா? ஞானப்பல்லாக இருக்கலாம். 17 முதல் 25 வயது வரை அது முளைக்கும் காலம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும்; அதற்கடியில் சோற்றுப் பருக்கை போய்ச் சிக்கும்; அங்கே துலக்கவும் வராது. வீங்கிய ஈறையே எதிர்ப்பல் கடிப்பதால் வலி இரட்டிப்பாகும். சிலருக்கு வாயே திறக்க வராது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இது வந்து அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் அந்த நாளை ஓட்டலாம். அது திரும்ப வரும். பல்லைப் பிடுங்குவதா, ஈறு மூடியை நீக்குவதா, விட்டுவிடலாமா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். வேலையில் சேருவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியிலேயே அதை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்; புரொபேஷன் காலத்தில் லீவு கேட்பது எவ்வளவு சங்கடம் என்று தெரியுமே.

ராத்திரி ஷிப்டில் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறையும். அதனால்தான் படுக்கப்போகும் முன் துலக்குவது காலையில் துலக்குவதைவிட முக்கியம். ராத்திரி ஷிப்டுக்காரர் காலை ஏழு மணிக்கு வீடு வந்து, டிபன் சாப்பிட்டு, அப்படியே கட்டிலில் விழுகிறார். ஊர் கணக்குப்படி அது காலை. அவர் வாயின் கணக்குப்படி அதுதான் ராத்திரி. எத்தனை மணியாக இருந்தாலும், தூங்கப் போவதற்கு முந்தின கடைசி வேலை பல் துலக்குவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் ஹெட்செட் மாட்டிப் பேசுபவர்கள் வாய் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

டிரைவர்கள், லோடு தூக்குபவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், ராத்திரிக் காவலர்கள்: இவர்களில் பலர் தூக்கம் வராமலிருக்க, பசி தெரியாமலிருக்க, ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலையை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்கிறார்கள். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இலேயே தடை வந்தது. பெட்டிக்கடையில் கை மாறுவது நின்றபாடில்லை. அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் தெரியும். தோல் வெளுத்துத் தடிக்கும். காலப்போக்கில் புற்றுநோயாக மாறலாம். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சிகரெட் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து இன்னொன்று. புகையிலை ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நோய் முற்றிய ஈறிலும் ரத்தம் குறைவாகத்தான் வரும். மற்றவர்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை இவர்களுக்குக் கிடைக்காது. அதனால் புகைப்பவர்கள் ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல், வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், வேகமாக முற்றும். திருப்பிப் பார்த்தாலும் இது உண்மை: ஈறில் சீழும் அழற்சியும் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவான எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி வரை குறையலாம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் வாயையும் ஒரு முறை பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு அடிக்கடி ஈறில் கட்டி வந்தால், சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதிப்பது நல்லது. பலருக்கு அந்த நோய் இருப்பதே இப்படித்தான் தெரியவந்திருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கும், கசியும். சிலருக்கு ஈறில் சிவப்பாக ஒரு முண்டுகூட வளரும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். "இந்த நேரத்தில் பல்லில் கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்வார்கள். காரை நீக்குவதில் தவறில்லை. நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை அதற்கு வசதியான காலம். மகப்பேறு விடுப்பில் போவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

மாத்திரைகளும் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். பல்லின் பாதி வரை ஈறு ஏறி மூடிக்கொள்ளும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

அழுத்தித் துலக்குகிறவர்களையும் சேர்க்க வேண்டும். விறைப்பான பிரஷ்ஷை வைத்துக் குறுக்கே அறுப்பதுபோல் தேய்த்தால் ஈறு கீழிறங்கும். வலது கைக்காரர்களுக்கு இடதுபக்கக் கோரைப்பல்லில் இது அதிகம் தெரியும். உமிக்கரியும் செங்கல்பொடியும் இதையே இன்னும் வேகமாகச் செய்யும். பொருந்தாத பல் செட், புதிதாகப் போட்ட கம்பி, சூடான டீ சுட்டது, வாய்ப்புண் ஆகியவை சில நாளில் ஆறக்கூடியவை. இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

வேலை அழுத்தத்தோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஈறு நோய் ஒன்றும் உண்டு. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களிடம் இது பரவலாக இருந்தது. தூக்கமின்மை, பதற்றம், சிகரெட், சரியில்லாத சாப்பாடு எல்லாம் ஒன்றுசேர்ந்தால், பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறின் கூர்நுனி குழிந்து, சாம்பல் நிறமாகி, கடுமையாக வலிக்கும். வாயில் தாங்க முடியாத நாற்றம் வரும். மற்ற ஈறு நோய் மெதுவாக வரும், இது சில நாளில் வந்துவிடும். பரீட்சை எழுதும் மாணவர்களிடமும், டெட்லைனுக்காக வாரக்கணக்கில் விழித்திருப்பவர்களிடமும் மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். கொப்பளித்துக்கொண்டே காத்திருக்கக் கூடியது இல்லை. அன்றோ மறுநாளோ போங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வலிக்கிற பக்கம் வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். சாப்பிட்ட பிறகு மூன்று நான்கு முறை. இது வீக்கத்தைக் குறைக்கும், சிக்கியதை வெளியேற்றும். காரையை எடுக்காது.

வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மாத்திரையை நுணுக்கி ஈறில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈறைச் சுட்டு வெள்ளைப் புண்ணாக்கிவிடும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் ஊற்றினாலும் இதே கதிதான். மெடிக்கல் ஷாப்பில் "பல் வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குவதை விட்டுவிடுங்கள். அந்தச் செட்டில் ஆன்டிபயாடிக் இருக்கும். சீழ் வெளியேறாமல், காரை நீங்காமல் மாத்திரை மட்டும் போட்டால் வீக்கம் இரண்டு வாரம் அடங்கும். பிறகு கூடுதலாக வரும். அந்தச் செட்டில் மெட்ரோனிடசோல் இருந்து, அன்று மது அருந்தினால், வாந்தியும் படபடப்பும் வேறு வரலாம்.

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் கதை வேறு. மழைக்காலத்தில் அது டெங்குவின் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் தொடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ வாய் திறக்கவோ கஷ்டமானால் ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

துலக்குவதை வலியினால் நிறுத்திவிடுவது எல்லோரும் செய்வது. அதுதான் நிலைமையை மோசமாக்கும். சாஃப்ட் பிரஷ் வாங்குங்கள். முடிகள் பாதி பல்லிலும் பாதி ஈறின் ஓரத்திலும் படும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அழுத்தாமல், அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு, பல் நுனியை நோக்கி இழுங்கள். பிறகு அடுத்த இரண்டு பல். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் துளை அங்கேதான் இருப்பதால் காரை முதலில் சேர்வதும் அங்கேதான். இப்போதே நாக்கு நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. சொரசொரப்பாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் அதுதான் காரை. மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்; முடிகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. ஃப்ளாஸ் நூலோ, இடைவெளி இருந்தால் சின்ன இன்டர்டென்டல் பிரஷ்ஷோ வேண்டும். தையல் கம்பெனிகளில் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் மெஷினில் கிடக்கும் ஊக்கை எடுத்துப் பல்லைக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸ்களில் ஸ்டேப்ளர் பின் அந்த வேலையைச் செய்கிறது. ஈறு கிழிந்து கிருமி உள்ளே போக இதைவிட நேரான வழி கிடையாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உணவு சிக்குகிறதென்றால் அங்கே சொத்தையோ சரியாக அடைக்காத பல்லோ இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்த ஈறு ஆறாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து நல்ல உதவி, கொஞ்ச காலத்துக்கு. 0.2 சதவீத மருந்தில் 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய அரை மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். மருத்துவர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பற்களில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். வாய் நாற்றத்தை மறைக்க மாதக்கணக்கில் இதையே ஊற்றிக்கொண்டு கஸ்டமரிடம் பேசப் போகிற விற்பனைப் பிரதிநிதிகள் உண்டு. நாற்றம் வருவது ஈறுப் பையிலிருந்து என்றால், பையைச் சுத்தம் செய்யாமல் எதை ஊற்றியும் பயன் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் அவருடைய பல் மருத்துவரிடம் போயிருந்தேன். மருத்துவர் நுனியில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஈறு ஓரத்திலும் இறக்கி, எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, அஞ்சு." உதவியாளர் எழுதிக்கொண்டார். கீழ்த்தாடை இடதுபக்கம் வந்ததும் "ஆறு, ஏழு" என்றார். அளவுகளோடு வாழ்கிற நண்பர் அந்த இடத்தில் கையைத் தூக்கி, "டாக்டர், டாலரன்ஸ் எவ்வளவு?" என்று கேட்டார். மருத்துவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: மூன்று வரைக்கும் சரி, நான்கிலிருந்து கவனிக்க வேண்டும், ஆறைத் தாண்டினால் சுத்தம் செய்தும் ஆறாமல் அறுவை தேவைப்படலாம்.

நீங்களும் அந்த எண்களைக் கேளுங்கள். "ஈறு கொஞ்சம் வீக்கா இருக்கு" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். எந்தப் பல்லில் எவ்வளவு ஆழம், எலும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது, அடுத்த முறை எப்போது அளப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை மாறி வேறு ஊர் போனாலும் அந்தத் தாள் அங்கிருக்கும் மருத்துவருக்கு உதவும்.

சாதாரண ஈறு அழற்சிக்கு ஸ்கேலிங் போதும். அதிர்வுக் கருவியால் காரையை உடைத்து எடுப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றே வேலைக்குத் திரும்பலாம். பை ஆழமாக இருந்தால் ஈறை மரத்துப்போகச் செய்து வேர் வரைக்கும் சுத்தம் செய்வார்கள். அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்வது வழக்கம். கட்டி இருந்தால் முதலில் சீழை வடிப்பார்கள். வலி பெருமளவு அப்போதே போய்விடும்.

"ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற பயம் நம் ஊரில் மிக ஆழமாக இருக்கிறது. படித்தவர்களும் சொல்கிறார்கள். அந்த இடைவெளியை உண்டாக்கியது காரை. எலும்பைக் கரைத்த இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு நின்றது. எடுத்ததும் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. காரையோடு பல் உறுதியாக நிற்பதுபோல் தோன்றினாலும், அடியில் எலும்பு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஸ்கேலிங் செய்த சில நாட்களுக்குப் பல் கூசும். ஐஸ் போட்ட ஜூஸைத் தள்ளி வைத்தால் போதும்.

லீவும் பணமும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, இஎஸ்ஐ பொருந்தும் நிறுவனமாக இருந்தால், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்தப் பணத்துக்குள் பல் சிகிச்சையும் அடக்கம், குடும்பத்தாருக்கும் சேர்த்து. பிரசவத்துக்கும் விபத்துக்கும் இஎஸ்ஐ கார்டை எடுப்பவர்கள், ஈறுக்கு எடுப்பதில்லை. உங்கள் டிஸ்பென்சரியில் பல் மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். சிகிச்சையால் சில நாள் வேலைக்குப் போக முடியாமல் இஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு அந்த நாட்களின் ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஈறு நோய்க்கென்றே தனித் துறை உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேரும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவாக இருக்கும். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூடுதலாகும். அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குரூப் இன்சூரன்ஸை நம்பி உட்காராதீர்கள். அட்மிட் ஆகாத பல் சிகிச்சைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. வெளிநோயாளிப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று எச்ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். எச்ஆரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வருடாந்திர மருத்துவ முகாமில் கண்ணையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறீர்கள். ஒரு பல் மருத்துவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் பார்த்தாலே யாருக்கு ஈறில் ரத்தம், யாருக்குப் புகையிலைத் தழும்பு என்று தெரிந்துவிடும்.

மேனேஜரிடம் கேட்கும்போது தயங்க வேண்டாம். "வியாழக்கிழமை நாலு மணிக்கு பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு சார், ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் வேணும். ரிப்போர்ட்டை மூணு மணிக்குள்ள அனுப்பிடறேன்." இவ்வளவுதான். நோயை விளக்கத் தேவையில்லை. சாயங்காலம் போவது நல்லது. மரத்த வாயோடு மீட்டிங்கில் உட்கார வேண்டியிருக்காது, ஷிப்டுக்கு முன்னால் சாப்பிட முடியவில்லை என்ற கஷ்டமும் இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் காலை நேரத்தைக் கேளுங்கள், டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

சிகிச்சை முடிந்து கிளம்பும்போதே அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். ஈறு நோய் வந்து ஆறியவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. எது உங்களுக்கு என்று மருத்துவரே சொல்வார். நண்பரின் பட்டறையில் மெஷின்களுக்கு ஆயில் மாற்றும் தேதி எழுதிய அட்டை சுவரில் தொங்குகிறது. அதன் கடைசி வரியில் இப்போது அவருடைய தேதியும் இருக்கிறது. அவரிடம் வேலை பார்க்கும் பையன்களின் பெயர்களும் அதற்குக் கீழே சேர்ந்திருக்கின்றன.